ஆலுவாவில் ஆயுத பூஜை

ஓணத்துக்கு வராதே என்று பெரியம்மா போனிலேயே சொல்லிவிட்டாள். "அந்தப் பத்து நாளும் இங்க ஒரே கூட்டம்டா. உன்கிட்ட உட்கார்ந்து பேச எனக்கு ஒழியாது. கன்னி மாசம் பொறந்தப்புறம் வா, அப்ப ஈ காக்கா இருக்காது." எண்பது தாண்டியவள் முதியோர் இல்லத்தில் இருந்துகொண்டு இப்படி நாள் பார்த்துக் கொடுப்பதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் பாலருவி எக்ஸ்பிரசில் ஏறினேன். தென்காசி, ஆரியங்காவு எல்லாம் தூக்கத்தில் போயின. கோட்டயம் தாண்டி விழித்தபோது ஜன்னலில் பச்சையைத் தவிர வேறொன்றும் இல்லை. காலையில் ஆலுவா.

பெரியாறு இந்த ஊருக்கு வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. 1940இல் கட்டிய மார்த்தாண்ட வர்மா பாலத்தின் மேல் இன்றும் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. சிவராத்திரிக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடும் மணப்புறம் அன்றைக்கு வெறும் மணலும் கோரைப்புல்லுமாகக் கிடந்தது. எதிர்க்கரையில் நாராயண குரு 1913இல் நிறுவிய அத்வைத ஆசிரமம். சர்வமத மாநாட்டை 1924இல் அவர் கூட்டியது இங்கேதான். ஆசிரமத்துக்குள் போகவில்லை. கன்னி வெயிலில் அலையாதே என்று கேரளத்தில் சொல்வது சும்மா இல்லை. மழை ஓய்ந்த ஈர மண்ணிலிருந்து எழும் புழுக்கத்தோடு வெயிலும் சேர்ந்து மண்டையைப் பிளந்தது.

இல்லம் ஒரு சந்துக்குள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர் யாரோ கட்டிய இரண்டு மாடி வீடு, இப்போது ஒரு அறக்கட்டளையின் கையில். வாசல் தூணில் என் நெஞ்சு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. 2018 ஆகஸ்டில் பெரியாறு உள்ளே வந்த அளவு அது. எத்தனை தரம் வெள்ளையடித்தாலும் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடச் சொல்கிறார்களாம் அங்கிருக்கும் முதியவர்கள். அந்த வருஷம் ஓணமே இல்லை, அரசாங்கமே கொண்டாட்டத்தை ரத்து செய்தது. "எங்களைப் படகுல ஏத்தினது கடலோரத்து முக்குவப் பசங்க. தண்ணிக்குள்ள குனிஞ்சு முதுகைக் காட்டுவாங்க, நாங்க அதுல மிதிச்சு ஏறணும்" என்றார் சமையற்கட்டில் இருக்கும் சேச்சி. அந்த ஆகஸ்டிலிருந்து அங்கே இருப்பவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

பெரியம்மா வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள். திருநெல்வேலியில் பிறந்து, மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரியிடம் கணக்கெழுதியவருக்கு வாழ்க்கைப்பட்டு, அறுபது வருஷம் அங்கேயே இருந்தவள். பெரியப்பா போனார், மகன் கனடாவில். பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம்.

ஓணம் எப்படி என்று கேட்டதற்குப் பக்கத்துக் கட்டில்காரர் முந்திக்கொண்டார். ஏலூர் உரத் தொழிற்சாலையில், அதுதான் ஃபாக்ட்டில், ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். "அத்தம் தொடங்கி திருவோணம் வரைக்கும் எங்களுக்கு ஏழு சத்யை விருந்து. காலேஜ் பிள்ளைகள், கிளப்புக்காரங்க, ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன், ஒரு பேங்க். ஒரே நாள்ல ரெண்டு தடவை இலை போட்டாங்க. சர்க்கரைக்காரங்க முன்னாடி மூணு வகைப் பாயசம். வேண்டாம்னா போட்டோ எடுக்கிறவனுக்கு வருத்தம்." முற்றத்தில் பூக்களம் போட்டதும் காலேஜ் பெண்கள்தானாம். இல்லத்துப் பாட்டிமார் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். பூவெல்லாம் நம் பக்கத்துப் பூ, தோவாளையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் லாரியில் வருவது. "மாவேலி வருஷத்துக்கு ஒரு தரம் வந்து எல்லாரையும் பார்த்துட்டுப் போவான், அவன் ஊரான திருக்காக்கரை இங்கிருந்து கூப்பிடு தூரம்தானே. வந்தவங்களும் அவன் கணக்குத்தான்" என்று சிரித்தார் ஃபிட்டர்.

நான் போனபோது அந்த நாற்காலிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சுவரில் ஒரு கால அட்டவணை: பத்து மணிக்கு உடற்பயிற்சி, பதினொன்றுக்கு 'ஆக்டிவிட்டி', நாலு மணிக்குப் பிரார்த்தனை. அந்த வார ஆக்டிவிட்டி படத்துக்கு வண்ணம் தீட்டுவது. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கான புத்தகம். மயிலும் யானையும். நாற்பது வருஷம் கோர்ட்டில் டைப் அடித்த ஒரு அம்மாள் யானைக்குப் பச்சை வண்ணம் அடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

நிர்வாகத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இடம் சுத்தமாக இருக்கிறது, மருந்து நேரத்துக்கு வருகிறது, யாரும் யாரையும் அதட்டுவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பேருக்குமேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். தமிழ்நாட்டில் பத்தரைக்குச் சற்றுக் குறைவு, இந்தியா முழுவதற்கும் 8.6. நான் போனபோதே அது பதினாலு வருஷத்துக்கு முந்தைய கணக்கு. பிள்ளைகள் ஊரில் இல்லாத ஒரு மாநிலம் இப்படி ஆயிரம் இல்லங்களை நடத்திப் பழகிக்கொண்டிருக்கிறது. ஆனால் மூன்று வேளைச் சோற்றுக்கும் மாத்திரைக்கும் நடுவிலுள்ள நேரத்தை என்ன செய்வது என்பதற்கு யானைக்கு வண்ணம் தீட்டுவதைவிட நல்ல பதில் இருக்க வேண்டும்.

பதில் பின்கட்டில் இருந்தது. அங்கே நாலு கிழவர்கள் 'இருபத்தெட்டு' ஆடிக்கொண்டிருந்தார்கள். கேரளத்துச் சீட்டாட்டம். ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஒரு ஜாதிக்கு ஏழு, நாலு ஜாதிக்கும் சேர்த்து இருபத்தெட்டு. துருப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புள்ளி ஏலம் விடுவார்கள். போன சீட்டையெல்லாம் மனசில் வைத்திருக்காவிட்டால் தோல்விதான். தோற்றவர் காதில் 'குணுக்கு' மாட்ட வேண்டும். கிராமத்தில் தென்னங்குரும்பையோ வேறெதாவதோ தொங்கவிடுவார்கள், இங்கே துணி உலர்த்தும் கிளிப். ஃபிட்டர் இரண்டு காதிலும் சிவப்பு கிளிப்போடு உட்கார்ந்து எதிராளியைத் திட்டிக்கொண்டிருந்தார். எதிராளி முன்னாள் தபால்காரர், காலையில் தன் மகள் பெயரை மறந்துபோனவர் என்று செவிலி மெல்லச் சொன்னாள். ஆட்டத்தில் எந்த ஒன்பது போயிற்று, எது போகவில்லை என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அல்சைமர் நோயாளிகளுக்காக 1992இல் டாக்டர் ஜேக்கப் ராய் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பு கேரளத்தில் பிறந்ததுதான். வருஷந்தோறும் செப்டம்பர் 21 அன்று ஊர்வலம், கருத்தரங்கு எல்லாம் நடக்கிறது. சீட்டாட்டத்தால் மறதி குணமாகும் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அந்த மனிதரை யாரும் நோயாளியாக நடத்தவில்லை. ஏமாற்றுக்காரனாக நடத்தினார்கள்.

செவிலி இடுக்கிப் பெண். இருபத்து நாலு வயது இருக்கும். ராத்திரி ட்யூட்டியில் பெரியம்மாவின் கட்டிலருகே விளக்கைப் போட்டுக்கொண்டு ஜெர்மன் படிக்கிறாள். கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் 2021 டிசம்பரில் ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமையோடு கையெழுத்திட்ட 'டிரிபிள் வின்' திட்டத்தில் போகப் போகிறாளாம். பி1 மொழித் தேர்வில் தேறினால் விமானம். அங்கே வேலை பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலோ முதியோர் இல்லத்திலோ. ஆலுவாவில் எங்கள் பெரியம்மாவுக்குத் தலை வாரிவிடும் கை, இன்னும் ஒரு வருஷத்தில் ஏதோ ஒரு ஜெர்மன் ஊரில் வேறொரு பெரியம்மாவுக்கு வாரிவிடும்.

அவள் பாடப் புத்தகத்தில் அன்றைய பாடம் இலையுதிர் காலம். ஜெர்மன் முதியோர் இல்லத்தில் அக்டோபரில் என்ன செய்வார்கள் என்று உரையாடல். உதிர்ந்த செஸ்நட் கொட்டைகளைப் பொறுக்கி வந்து தீக்குச்சி செருகிக் குட்டி மனிதர்கள் செய்வார்கள். மஞ்சள் இலைகளை ஒட்டி ஜன்னலில் தொங்கவிடுவார்கள். பூசணி சூப் காய்ச்சுவார்கள். அக்டோபர் முதல் ஞாயிறு அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். தானியமும் காய்கனியும் கூடையில் வைத்துப் பிரார்த்தனை. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்து மலையாளத்தில் சொல்ல, பெரியம்மா கண்ணை மூடிக் கேட்டாள்.

"கடைசில சொன்னது நம்ம பொங்கல். பூசணிக்கா கூட்டு நாமளும் வைப்போம். இந்த இலை பொறுக்கி ஒட்டறதுக்கு எதுக்குடி பாஸ்போர்ட்டு? முத்தத்துல பலா இலை குமிஞ்சு கெடக்கே."

"அம்மே, அங்கே சூப்புக்குப் பூசணி நறுக்கறது யாருன்னு பாருங்க, அங்க இருக்கிற வயசானவங்களே நறுக்குவாங்களாம்" என்றாள் அவள்.

பெரியம்மா கண்ணைத் திறந்தாள். "கத்தி குடுப்பாங்களா?"

இங்கே கத்தி கொடுப்பதில்லை. சமையற்கட்டுக்குள் போக அனுமதி இல்லை. பாதுகாப்பு.

பூஜைவைப்பு மாலையில் நடந்ததைத்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். கேரளத்தில் நவராத்திரியின் அஷ்டமியில் புத்தகத்தையும் தொழில் கருவியையும் சரஸ்வதி முன்னால் அடுக்கிவிடுவார்கள், விஜயதசமி காலையில்தான் திரும்ப எடுப்பது. இல்லத்தில் ஒரு மேசையில் படம் வைத்து விளக்கேற்றினார்கள். செவிலியின் ஜெர்மன் புத்தகம் முதலில் வந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் சாவியைத் தொட்டு வைத்து உடனே எடுத்துக்கொண்டார். பிறகு வார்டன், நீங்களும் வைக்கலாமே என்று பொதுவாகச் சொன்னார். ஓரிரு நிமிஷம் யாரும் அசையவில்லை. வைக்க என்ன இருக்கிறது?

ஃபிட்டர் போய்த் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து வந்தார். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தது. டைப்பிஸ்ட் அம்மாள் ஒரு சுருக்கெழுத்து நோட்டு. தபால்காரர் எதையும் காணாமல் திண்டாடி, கடைசியில் சீட்டுக்கட்டை வைத்தார். சிரித்தோம், வார்டனும் தடுக்கவில்லை. ஒரு கிறிஸ்தவ அம்மச்சி ஜபமாலையை வைக்கலாமா என்று யோசித்துவிட்டு, அது கருவி இல்லை என்று தானே முடிவு செய்து தையல் கத்தரியை வைத்தார். அதுவரை அந்தக் கத்தரி அவரிடம் இருப்பது நிர்வாகத்துக்குத் தெரியாது. பெரியம்மா தன் மாத்திரை டப்பாவைக் கொண்டுபோய் வைத்தாள். ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை போட்ட டப்பா. "இப்ப என் உத்தியோகம் இதுதான்" என்றாள். ராத்திரி மாத்திரைக்கு அதைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது, சரஸ்வதி மன்னித்திருப்பாள்.

அக்டோபர் ஒன்று முதியோர் தினம். 1990 டிசம்பரில் ஐ.நா. சபை அறிவித்தது. அன்று ஒரு பிரமுகர் வந்து பொன்னாடை போர்த்தினார். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் விஜயதசமி, வித்தியாரம்பம். காந்தி ஜெயந்தியும் அன்றே. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மாடியறையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை எழுத்தறிவிப்பதற்காக. போன வருஷம் யாரோ ஒருவர் தற்செயலாகக் கேட்கப்போய் ஆரம்பித்ததாம். அவருக்குக் கைநடுக்கம். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, குழந்தையின் விரலைத் தன் விரலுக்குள் பிடித்து ஹரிஸ்ரீ எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. குழந்தை வீறிட்டது. அவர் சட்டை செய்யவில்லை. வகுப்பில் அழுகிற பிள்ளையைக் கையாண்ட பழைய மிடுக்கோடு, "அழறதெல்லாம் அப்புறம், முதல்ல இந்தக் கொம்பைச் சரியாப் போடு" என்றார். குழந்தை மூன்று வயது கூட ஆகாதது. தட்சிணையாக வெற்றிலையில் வைத்த பணத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அதை அலுவலகத்தில் ஒப்படைக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

கிளம்பும்போது பெரியம்மா ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். உள்ளே நாலு நூல் புடவைகள். இல்லத்தில் எல்லார் துணியும் ஒரே மெஷினில் போகிறது, மாறிவிடாமலிருக்க ஓரத்தில் சிவப்பு நூலில் எண் தைத்திருக்கிறார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "வேலிக்குப் போ. ஃபோர்ட் கொச்சில வேலி மைதானம். நம்ம ஆளுங்க வெளுக்கற இடம். கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி தீபாவளிக்குள்ள வேணும்னு சொல்லு."

ஆலுவாவில்தான் கொச்சி மெட்ரோ தொடங்குகிறது. 2017இல் முதல் ரயில் இங்கிருந்து பாலாரிவட்டம் வரை ஓடியது. எறணாகுளத்தில் இறங்கி, ஹைகோர்ட் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ படகு. குளிர்சாதன வசதி, சத்தமில்லாத பேட்டரி எந்திரம், கண்ணாடிக்கு வெளியே வில்லிங்டன் தீவும் சீன வலைகளும். கடல் காற்று மட்டும் உள்ளே வராது.

வேலிக்குப் போகுமுன் மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போனேன். முந்தைய நாள் அவர்களுடைய யோம் கிப்பூர் நோன்பு. அதைக் கடைப்பிடிக்கத்தான் தெருவில் அநேகமாக ஆள் இல்லை. 1568இல் எழுந்த ஜெபாலயம் இருக்கிறது, சீனத்து நீலத் தரையோடுகள் இருக்கின்றன, குயீனி ஹலேகுவா 2024 ஆகஸ்டில் மறைந்தபோது கொச்சியிலிருந்த பரதேசி யூதர்களில் கடைசிப் பெண்ணும் போய்விட்டார். தெருவில் இப்போது வாசனைத் திரவியக் கடைகளும் காஷ்மீரிகளின் கம்பளக் கடைகளும்.

ஆனால் நான் பார்க்க நினைத்தது சாரா கோஹனின் கடை. 2019 ஆகஸ்டில் தொண்ணூற்றாறு வயதில் இறக்கும்வரை இந்தத் தெருவிலேயே இருந்தவர். பிள்ளைகள் இல்லை. கணவர் ஜேக்கப் போன பிறகு அவரைக் கவனித்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம், சிறுவனாக இந்தத் தெருவில் சுற்றுலாப் பயணிகளிடம் பொருள் விற்க வந்து அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்ட முஸ்லிம். சாராவின் பூத்தையல் கடை தொடர்ந்து நடந்தது. யூதர் அணியும் குல்லாவும், சனிக்கிழமை ரொட்டியை மூடும் துணியும் அவர் கைவேலையாக விற்றன. அவர் போன பிறகும் தாஹா கடையை விடவில்லை. இதையெல்லாம் மத நல்லிணக்கக் கதையாகப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன, ஆவணப்படமும் உண்டு. ஆலுவாவிலிருந்து வந்த என் கண்ணுக்கு வேறொன்று பட்டது. தொண்ணூறு வயதுக் கிழவி ஜன்னலோரம் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் வாங்க ஆள் வருகிறது, விலை பேசுகிறாள். யாரும் அவள் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கவில்லை.

வேலி தோபிக்கானா ஃபோர்ட் கொச்சியின் உள்பக்கம். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடை வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குடிவைத்த வண்ணார் குடும்பங்கள் என்று சொல்கிறார்கள். இப்போதிருக்கும் கட்டடம் 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தது. வரிசையாகச் சிமென்டுத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டியும் ஒரு துவைகல்லும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. நடத்துவது அவர்கள் சங்கம். வெளியே மைதானத்தில் கயிற்று வரிசைகள். இரண்டு புரிக் கயிற்றை முறுக்கி, முறுக்கின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுகிறார்கள். கிளிப் தேவையில்லை, காற்றுக்கும் விழாது. இஸ்திரிப் பெட்டிகளில் ஆயுத பூஜைச் சந்தனம் இன்னும் அழியாமல் இருந்தது.

அங்கிருந்தவர்களில் அறுபதுக்குக் கீழே ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் சிரட்டைக்கரி போட்ட பெட்டியால் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது தூக்கினால் கை இறங்கும் கனம். நான் ஆலுவாவைப் பற்றிச் சொல்லி, நீங்கள் எவ்வளவோ மேல், கையில் தொழில் இருக்கிறது என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். அவர் பெட்டியை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"தொழில் இருக்கு சார். முட்டியும் இருக்கு, ராத்திரி முழுக்க வலிக்குது. பையன் வேற வேலைக்குப் போயிட்டான், பேரன் இந்தப் பக்கமே வரமாட்டான். நான் நிறுத்தினா இந்தக் கல்லு காலி. உக்கார வெச்சு நேரத்துக்குச் சோறு போடுவாங்கன்னா எனக்கு அந்த அட்ரஸ் குடுங்க."

பக்கத்துக் கல்காரர், "போனா நாலாம் நாள் திரும்பி வந்து விரிப்பைக் குடுன்னு நிப்பாரு" என்றார். இருவரும் சிரித்தார்கள். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருமே தமாஷுக்குச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

புடவைகளை எடுத்து வைத்தேன். அவர் ஓரத்துச் சிவப்பு எண்ணைப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஆஸ்பத்திரித் துணியா?" என்றார். விளக்கினேன். நூலைப் பிரித்துவிட்டுத்தான் வெளுப்பேன், தழும்பு விழும் என்றார். பெரியம்மாவிடம் கேட்டுவிடலாம் என்று போன் போட்டுக் கொடுத்தேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார். எந்தத் தெரு, எந்த வீடு, மிளகுக் கிட்டங்கிக்குப் பின்னாலா, உங்க வீட்டுத் துணியை எங்க அப்பா எடுத்திருக்காரே என்று பேச்சு போயிற்று. பெரியம்மாவின் குரல் வெளியே கேட்டது: கஞ்சி மட்டாக இருக்கணும், போன தரம் அட்டையாக விறைச்சுப்போச்சு. "போன தரமா? அது எந்தக் காலத்துலம்மா?" என்றார் அவர். அவள் வருஷம் சொன்னாள். அவர் மறுத்தார், அந்த வருஷம் கஞ்சி போட்டது தன் அண்ணன் என்றார். பேச்சு முடிவதாகத் தெரியவில்லை. நான் எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனேன்.